எம்.ஏ. டிஜிட்டல் பொருளாதாரம்: படிக்கலாமா?

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். டிஜிட்டல் பொருளாதாரத்தை முதுகலை அளவில் படிப்பது நல்ல காரியம். அதிலும் கண்ணமங்கலம், போளூர், ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகள் படிக்க வேண்டிய பாடம் அது. ஆனால் அந்தப் பெயரைப் பலகையில் எழுதி விற்கிற எல்லாவற்றையும் நிலத்தை ஈடு வைத்து வாங்க வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சரியாக இருக்கும் என்பதால் கட்டுரை கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருளாதாரப் படிப்பைப் பற்றிப் பேச எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் படிப்பு உத்தியோகத்தில் எனக்குப் பெரிதாக உதவவில்லை. பழைய பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்களைப் படித்துச் சொல்ல மட்டும் மேலதிகாரிகள் கூப்பிடுவார்கள். இப்போது மனைவியின் ஊரான கண்ணமங்கலத்தில் இருக்கிறேன். இங்கே பிரான்சிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் அது என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். சென்ற மாதம் அப்படி ஒன்று வந்தது.

கொண்டுவந்தவர் ஆரணியில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுபவர். மகள் வேலூரில் பி.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறாள். பிரான்சில் ஒரு தனியார் நிறுவனத்தில் டிஜிட்டல் பொருளாதாரம் படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம். இரண்டு வருடத்துக்குக் கட்டணமும் சாப்பாடும் சேர்த்தால் இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. வங்கிக் கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பது வழக்கம். இவருக்கு இருப்பது ஒன்றே முக்கால் ஏக்கர்.

"சார், நீங்க பிரெஞ்சு படிச்சவராச்சே. இது நல்ல படிப்பான்னு பார்த்து சொல்லிடுங்க. அடுத்த வாரம் முன்பணம் கட்டணும்" என்றார்.

நான் படித்தேன். முன்பக்கம் முழுக்க ஆங்கிலம், படங்கள், சிரித்த முகங்கள். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் பிரெஞ்சு. அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவன் எந்தத் தாளையும் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பான். அங்கே பட்டத்தின் பெயர் "மாஸ்தேர்" என்று இருந்தது. கூடவே தேசியத் தொழிற்சான்றிதழ்ப் பதிவேட்டின் எண் ஒன்று.

இந்த இடத்தைப் பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பிரான்சில் "தேசிய மாஸ்தர் பட்டம்" என்பது அரசின் பெயரால் வழங்கப்படுவது. பல்கலைக்கழகங்கள் கொடுப்பது அதைத்தான். சில உயர் கல்விக்கூடங்களின் பட்டயத்துக்கு அரசு "மாஸ்தர் தகுதி" கொடுத்திருக்கும், அதுவும் சரி. ஆனால் "மாஸ்தேர்", "எம்.எஸ்சி." போன்ற பெயர்களைத் தனியார் கூடங்கள் தாமாகவே வைத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் எண் இருந்தால் அது ஒரு தொழில் சான்றிதழ். அது மோசடி இல்லை. அதற்கென்று ஒரு மதிப்பும் உண்டு. ஆனால் அது மாஸ்தர் பட்டம் ஆகாது. ஒரே ஒரு உயிரெழுத்து வித்தியாசம்! 2018 மார்ச்சில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் டெல்லி வந்தபோது, இரு நாட்டுப் பட்டங்களையும் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ள ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தக் குடை அங்கீகரிக்கப்பட்ட பட்டத்துக்குத்தான், அடுத்த கடைச் சான்றிதழுக்கு இல்லை. நாளைக்கு இங்கே முனைவர் பட்டத்துக்கோ அரசுக் கல்லூரி வேலைக்கோ போகும்போது இணைச் சான்று கேட்பார்கள். அப்போது அந்த ஓர் எழுத்து ஒன்றே முக்கால் ஏக்கர் கனம் கனக்கும்.

அவரிடம் இதைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "அப்போ அந்தப் படிப்பே வேணாம்ங்கிறீங்களா? பேசாம கம்ப்யூட்டர் கோர்ஸ் எதாவது போடட்டுமா?" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. பெண் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். "தாத்தா, அந்தப் பாடத்துல என்ன சொல்லித் தருவாங்கன்னு நீங்க சொல்லுங்க, அப்பாவுக்குப் புரியட்டும்" என்றாள். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அது கணினிப் படிப்பு இல்லை. நிரல் எழுதுவதும் செயலி செய்வதும் வேறு துறை. இது பொருளாதாரம்தான்: விலை, போட்டி, ஏகபோகம், யாருக்கு லாபம், யார் தலையில் செலவு. பழைய கேள்விகள், புதிய சரக்கு. பிரெஞ்சில் இதை "எக்கோனோமி நியுமெரிக்" என்பார்கள், அதாவது எண் சார்ந்த பொருளாதாரம். "டிஜிட்டால்" என்ற சொல் பிரெஞ்சில் விரலைக் குறிப்பது. கைரேகைக்குத்தான் அந்தச் சொல். எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் இருந்திருந்தால் டிஜிட்டல் என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். ஆனால் ரேஷன் கடையில் கைரேகை விழாமல் மூன்று முறை துடைத்துத் துடைத்து வைக்கிற நம் வயதுக்காரர்களுக்கு, டிஜிட்டல் என்றால் விரல்தான் என்பது பொருத்தமாகவே இருக்கும்.

கைக்கு அருகில் இருக்கும் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பேருந்து நிலையத்து டீக்கடையில் கியூஆர் அட்டை தொங்குகிறது. பணம் வந்ததும் பெட்டி தமிழில் பேசுகிறது. யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அந்த நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். வரிசையில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 ஜனவரி முதல் யுபிஐ வழியாக வாங்கும் பணத்துக்குக் கடைக்காரரிடம் வங்கிகள் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று அரசு ஆக்கியது. டீ குடிப்பவரும் கொடுப்பதில்லை, கடைக்காரரும் கொடுப்பதில்லை. அப்படியானால் செலவு யாருடையது? வங்கிகள் சுமக்கின்றன, அரசு ஊக்கத்தொகை என்று ஒரு பங்கு தருகிறது, செயலிக்காரர்கள் நம்மை வாடிக்கையாளராகப் பிடித்துவைத்துப் பிறகு கடன், காப்பீடு என்று விற்றுச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள். இது எத்தனை நாள் தாங்கும், ஒருநாள் கட்டணம் வந்தால் டீக்கடை தாங்குமா என்பதெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டிய கேள்விகள். அந்தக் கணக்கைப் போடக் கற்றுத் தருவதுதான் இந்தப் படிப்பு.

இதற்கான அடிப்படையைப் போட்டவர்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. தூலூஸ் நகரத்து ழான் திரோல் 2014ல் பொருளாதார நோபல் வாங்கியவர். அவரும் ழான்-ஷார்ல் ரோஷேயும் 2003ல் எழுதிய கட்டுரை இருபக்கச் சந்தைகளைப் பற்றியது. ஒரு மேடையில் இரண்டு கூட்டம் சந்திக்கிறது; ஒரு கூட்டத்துக்கு இலவசமாகவோ மலிவாகவோ கொடுத்து, மறு கூட்டத்திடம் வாங்குவது ஏன் லாபம் என்று விளக்கியது. கடன் அட்டை அப்படி, கூகுள் அப்படி. நாம் அறுபது வருடமாகப் பார்க்கிற தினசரிப் பத்திரிகையும் அப்படித்தானே? காகித விலைக்கும் குறைவாக நமக்குக் கொடுத்துவிட்டு விளம்பரக்காரரிடம் வாங்கிக்கொள்வார்கள். திரோல் 2016ல் பொது வாசகர்களுக்காக எழுதிய பொதுநலப் பொருளாதாரம் பற்றிய புத்தகத்தில் டிஜிட்டலுக்கென்றே இரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன. பிரெஞ்சில் படித்தேன். நோபல் வாங்கியவர் என்ற மிரட்டல் அதில் இல்லை. அவர் முதலில் பொறியாளராகவும் கணித மாணவராகவும் இருந்து பிறகு பொருளாதாரத்துக்கு வந்தவர் என்பதை மட்டும் பெண் குழந்தைகளின் அப்பாக்கள் மனதில் வைக்க வேண்டும். கணிதமும் புள்ளியியலும் இல்லாமல் இந்தப் பாடத்தில் முதல் பருவத்தைக்கூடத் தாண்ட முடியாது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. வடகேரளக் கடற்கரை மத்தி மீன். 1997 ஜனவரியில் ஒரு காலை வடகரை கடற்கரையில் 11 படகுக்காரர்கள் வாங்க ஆளின்றி நின்றார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்பத் தயாராக இருந்தார்கள். 1997க்கும் 2001க்கும் இடையில் அந்தக் கரையோரம் செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் முன்னும் பின்னும் விலைகளை எழுதிவைத்து 2007ல் வெளியிட்டார். கோபுரம் வந்த பிறகு கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் விலை 4 சதவீதம் குறைந்தது. மீனைக் கடலில் கொட்டுவது நின்றது. உலகம் முழுக்க இந்தப் பாடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மண்டிக் கணக்கர் இதைக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார் பாருங்கள், எந்தப் பேராசிரியரும் நின்று யோசிக்க வேண்டியது. "மீன்காரனுக்கு சரி சார். நம்ம பக்கம் நடவுக்கு மண்டியில முன்பணம் வாங்கினவன், போன்ல செங்கல்பட்டு விலை தெரிஞ்சா மட்டும் என்ன பண்ணுவான்? மூட்டை எங்ககிட்டதான் வரணும்" என்றார். விலை தெரிவது ஒன்று, விற்கும் சுதந்திரம் இன்னொன்று. கடனில் கட்டுண்டவனுக்குச் செல்போன் என்ன செய்கிறது என்பது முதுகலை ஆய்வேட்டுக்குக் கச்சிதமான தலைப்பு. பெண் உடனே அதைக் குறித்துக்கொண்டாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, பேசாமல் வெற்றிலையை மடித்தார்.

இந்த மாதிரி ஆய்வுக்கு நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915ல் வந்த பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பிக் கேள்வித்தாளோடு கணக்கெடுக்கச் சொன்னார். 1918ல் வெளியான அந்தப் புத்தகத்தில் உள்ள ஊர்களில் ஒன்று தூசி. அன்றைய வட ஆர்க்காடு, இன்றைய நம் திருவண்ணாமலை மாவட்டம். அதே ஊர்களை 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறுபடியும் ஆய்வு செய்ய வைத்தார்கள். தூசியை 1980களில் எஸ். குகன் மறுபடி எடுத்தார். 1973ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகக் குழு பசுமைப் புரட்சியை ஆராய வட ஆர்க்காட்டைத்தான் தேர்ந்தெடுத்தது. அந்தக் குழுவில் வந்த பார்பரா ஹாரிஸ்-ஒயிட் ஆரணியை விடவேயில்லை. அரிசி வியாபாரம், பட்டு, கடன் என்று நாற்பது வருடம் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்து 2016ல் ஆரணியைப் பற்றியே ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். "உங்க மண்டித் தெருவை ஆக்ஸ்போர்டுல படிக்கிறாங்க" என்று நான் சொன்னபோது கணக்கர் நம்பவில்லை.

இவ்வளவு ஆய்வுக்குப் பிறகு வந்தவைதான் கியூஆர் அட்டையும், வீட்டு வாசலுக்கு வரும் பார்சலும், தறிக்காரர் வாட்ஸ்அப்பில் புடவைப் படம் அனுப்புவதும். முன்னிருந்த நிலையின் கணக்கு நூறு வருடத்துக்கு இருக்கிறது. பின்வந்த நிலையை எழுதத்தான் ஆள் வேண்டும். அதை வெளியூர்க்காரர் வந்து எழுதுவதைவிட மண்டிக் கணக்கர் மகள் எழுதினால் நன்றாக எழுதுவாள் என்பது என் அபிப்பிராயம். கேட்டால் உண்மை பதில் சொல்லும் பெரியப்பாக்கள் அவளுக்கு ஆரணியில் நிறைய இருக்கிறார்கள்.

நம் வயதுக்காரர்களுக்குச் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியர்களுக்கான மின்னணு வாழ்வுச் சான்று 2014 நவம்பரில் வந்தது. ஸ்மார்ட் ரேஷன் அட்டை தமிழ்நாட்டில் 2017ல். அரசுக்கு எவ்வளவு மிச்சம் என்று அறிக்கை வரும். என் கைரேகை தேய்ந்துபோனதால் நான் இரண்டாம் முறை ஆட்டோ பிடித்துப் போனது எந்த அறிக்கையிலும் வராது. அது செலவு இல்லையா? இதையும் அளக்க முடியும் என்று காட்டியவர்களில் கார்த்திக் முரளிதரன் ஒருவர். அவரும் கூட்டாளிகளும் ஆந்திராவில் ஊரக வேலைத் திட்டக் கூலியையும் முதியோர் ஓய்வூதியத்தையும் கைரேகை அட்டையில் கொடுத்ததை ஆராய்ந்து 2016ல் வெளியிட்டார்கள். கூலி சீக்கிரம் வந்தது, இடையில் ஒழுகுவது குறைந்தது. அதே குழு பிறகு ஜார்கண்டில் ரேஷனுக்கு ஆதார் கைரேகையைக் கட்டாயமாக்கியதை ஆராய்ந்தபோது விஷயம் வேறாக இருந்தது. திருட்டு குறைந்ததாகத் தெரியவில்லை. தகுதியான சிலருக்கு அரிசி நின்றுபோனது. ஆந்திராவில் அட்டை இல்லாதவருக்குப் பழைய வழியிலும் பணம் கிடைத்துவந்தது. ஜார்கண்டில் கைரேகை கட்டாயம், மாற்று வழி குறைவு. இரண்டு இடத்திலும் எந்திரம் எந்திரம்தான். வித்தியாசம் உத்தரவை எழுதிய விதத்தில் இருக்கிறது. உத்தரவு எழுதுகிற மேசையில் இந்தப் படிப்பு படித்தவர்கள் உட்கார வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான்.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வங்கிகள், செயலி நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் இவர்களை எடுக்கின்றன; ஹால் வேரியன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2002லேயே கூகுளுக்குப் போய்விட்டார். எதிர்த்தரப்பிலும் வேலை உண்டு. நம் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் போட்டது. அந்த உத்தரவில் வக்கீல் வாதம் எவ்வளவோ, சந்தையை எங்கே வரையறுப்பது என்ற பொருளாதார வாதமும் அவ்வளவு. இரண்டு பக்கமும் ஆள் தேவைப்படுகிறது. எத்தனை பேருக்கு, எவ்வளவு சம்பளம் என்று திண்ணையிலிருந்து கணக்குச் சொல்வது நேர்மை ஆகாது. "இந்தப் படிப்பு முடித்தால் நிச்சயம் வேலை" என்று அச்சடித்த தாளை நம்ப வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

எங்கே படிப்பது? என் யோசனை இதுதான். முதலில் இங்கே நல்ல பொருளாதார முதுகலை. சென்னையில் 1993ல் தொடங்கிய மெட்ராஸ் பொருளாதாரக் கல்லூரி கணிதத்தைக் கறாராகச் சொல்லித் தரும் இடம். பட்டத்தின் பெயரில் டிஜிட்டல் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. போட்டிக் கொள்கை, புள்ளியியல், விளையாட்டுக் கோட்பாடு இந்த மூன்றும் பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் தேடுவது அங்கே இருக்கிறது. பெயரில் டிஜிட்டல் இருந்து இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது விளம்பரத் துறைப் படிப்பு.

பிரான்ஸ்தான் வேண்டும் என்றால் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கட்டும். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு 2019ல் முதுநிலைக் கட்டணத்தை வருடத்துக்கு 3,770 யூரோ என்று உயர்த்தினார்கள். பிறகு கொஞ்சம் கூடியிருக்கிறது. சுமார் நாலு லட்ச ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் அதிலும் விலக்குத் தருகின்றன. எழுதிக் கேட்டால்தான் தெரியும். சாப்பாட்டுச் செலவு தனி; விசாவுக்கு மாதம் 615 யூரோ வீதம் காட்டச் சொல்வது வெகுநாள் வழக்கம். கட்டண விலக்குக் கிடைத்தால், கூட்டிப் பார்த்தாலும் அந்தத் தனியார் கடிதத்தில் இருந்ததைவிடக் குறைவு, கிடைப்பதோ அரசின் பட்டம். ஆங்கிலத்தில் நடத்தும் வகுப்புகளும் உண்டு. ஆனாலும் பிரெஞ்சு கொஞ்சம் கற்றுக்கொண்டு போவது நல்லது. அங்கே வாடகை ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வராது.

கணக்கர் முன்பணம் கட்டவில்லை. பெண் அடுத்த வருட நுழைவுத் தேர்வுக்குக் கணிதம் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் என்னிடம் பிரெஞ்சு. வினைச்சொல் விகுதிகளில் தடுமாறுகிறாள். வேறு குறை இல்லை. அவளுடைய பெரியப்பா ஒருவர் மட்டும் "பொண்ணு வெளிநாடு போற யோகத்தைக் கெடுத்துட்டார் அந்த பாண்டிச்சேரி ஆளு" என்று ஆரணியில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும்.

கண்ணமங்கலம் சுற்றுவட்டாரத்தில் வேறு யார் வீட்டுப் பிள்ளைக்காவது பிரெஞ்சுக் கடிதம் வந்திருந்தால் எடுத்து வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருக்கிறேன். தாளின் பின்பக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். செல்போனில் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்து வந்து காட்டாதீர்கள்.